கீழ்க்கட்டளைக்கு வந்த துப்பாக்கிகள்: குற்றப் புள்ளிவிவரங்களில் விடுபடும் கணக்கு

துப்பாக்கிக் குற்றம் பற்றிய புள்ளிவிவரம் என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் இரண்டு தனித்தனிக் கணக்குகள் கலந்திருக்கின்றன. ஓராண்டில் துப்பாக்கியால் எத்தனை கொலைகளும் கொள்ளைகளும் மிரட்டல்களும் நடந்தன என்பது நிகழ்வுகளின் கணக்கு. உரிமம் இல்லாத துப்பாக்கிகள் எத்தனை மக்களிடையே புழங்குகின்றன என்பது இருப்பின் கணக்கு. நிகழ்வுக்கு முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை, நீதிமன்ற ஆவணம் என்று ஏதேனும் ஒரு தடயம் எழுத்தில் இருக்கும். இருப்புக்கு அப்படி எதுவும் இல்லை. கள்ளத்துப்பாக்கி தன்னை மறைத்துக்கொள்ளும் பொருள் என்பதால், அது பிடிபடும் நாளில்தான் முதன்முறையாக எண்ணப்படுகிறது. பிடிபடும் வரை அது எந்தப் பட்டியலிலும் இருப்பதில்லை. துப்பாக்கி அரிதாகவே தென்படும் தமிழ்நாட்டில் இந்த இரு கணக்குகளுக்கும் இடையிலுள்ள வெளியைப் புரிந்துகொள்ள, சென்னையின் தென்புறநகரில் நடந்த ஒரு வழக்கு நல்ல சான்றாக அமைகிறது.

2012: இரண்டு வங்கிகள், ஒரு வீடு

மேடவாக்கம் பிரதான சாலையும் பல்லாவரம் – துரைப்பாக்கம் இருநூறடிச் சாலையும் சந்திக்கும் இடத்தில் அமைந்திருக்கும் கீழ்க்கட்டளை, ஏரிப்பாசன ஊராக இருந்து குடியிருப்புப் பகுதியாக மாறி, இன்று தாம்பரம் மாநகராட்சிக்குள் அடங்கியிருக்கிறது. 2012 பிப்ரவரி 20 அன்று இங்கிருந்த இந்தியன் ஓவர்சீஸ் வங்கிக் கிளைக்குள் பட்டப்பகலில் துப்பாக்கிகளுடன் நுழைந்த கும்பல் ஒன்று சுமார் 14 லட்சம் ரூபாயைக் கொள்ளையடித்துச் சென்றது. அதற்குச் சரியாக நான்கு வாரங்களுக்கு முன், ஜனவரி 23 அன்று, பெருங்குடியில் உள்ள பாங்க் ஆஃப் பரோடா கிளையில் அதே பாணியில் சுமார் 19 லட்சம் ரூபாய் கொள்ளை போயிருந்தது. பிப்ரவரி 23 அதிகாலை, கொள்ளையர்கள் தங்கியிருப்பதாகக் கருதி வேளச்சேரியில் ஒரு வாடகை வீட்டைச் சுற்றிவளைத்த காவல்துறை, உள்ளே இருந்தவர்கள் சுட்டதாகவும், தற்காப்புக்காகத் திருப்பிச் சுட்டதாகவும் அறிவித்தது. வீட்டில் இருந்த ஐவரும் இறந்தனர். பெரும்பாலோர் பீகாரைச் சேர்ந்தவர்கள் என்று சொல்லப்பட்டது. காவல்துறையின் விவரிப்பை மனித உரிமை அமைப்புகள் ஏற்கவில்லை. தேசிய மனித உரிமை ஆணையம் விளக்கம் கேட்டது. விசாரணை குற்றப்பிரிவு – குற்றப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைக்கப்பட்டது.

இந்த நிகழ்வுக்குப் பிறகு எழுந்த பொது விவாதம் இரண்டு தடங்களில் ஓடியது. சுட்டது சரியா என்பது ஒன்று. வடமாநிலத் தொழிலாளர்களைக் கணக்கெடுக்க வேண்டுமா, வீட்டு உரிமையாளர்கள் வாடகைதாரர் விவரங்களைக் காவல் நிலையத்தில் கொடுக்க வேண்டுமா என்பது மற்றொன்று. இரண்டும் ஆட்களைப் பற்றியவை. கீழ்க்கட்டளைக்கு வந்து சேர்ந்த துப்பாக்கிகள் எந்தப் பட்டறையில் பிறந்தன, எந்தத் தரகர் கைமாறி, எந்த வழியாகச் சென்னைக்குள் நுழைந்தன என்ற மூன்றாவது கேள்விக்கு அந்த விவாதத்தில் இடம் கிடைக்கவில்லை; அந்தப் பயணத்தைத் தம் வாயால் சொல்லியிருக்கக்கூடிய ஐவரும் அன்று அதிகாலையே இறந்துபோயிருந்தார்கள்.

குற்றம் எந்தக் கட்டத்தில் எழுதப்படுகிறது

இந்தியாவில் குற்றங்களின் ஆண்டுக் கணக்கைத் தொகுத்து வெளியிடுவது, ஒன்றிய உள்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்கும் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். அதன் தொகுப்பு முறையில் தலைமைக் குற்ற விதி என்று அழைக்கத்தக்க ஒரு நடைமுறை உண்டு. ஒரே முதல் தகவல் அறிக்கையில் பல குற்றங்கள் இடம்பெற்றிருந்தால், அவற்றுள் மிகக் கடுமையான ஒன்று மட்டுமே எண்ணிக்கையில் சேரும். கள்ளத்துப்பாக்கியால் ஒருவர் கொல்லப்பட்டால் அது கொலையாக எண்ணப்படுமே தவிர, ஆயுதச் சட்ட மீறலாக இன்னொரு முறை எண்ணப்படாது. கீழ்க்கட்டளை நிகழ்வு போன்ற ஒன்று, அதில் ஈடுபட்டவர்களின் எண்ணிக்கையைப் பொறுத்துக் கொள்ளை என்றோ, ஐவரோ அதற்கு மேற்பட்டவர்களோ சேர்ந்து செய்யும் கூட்டுக்கொள்ளை என்றோ ஒரு கட்டத்தில் போய் அமரும்; அதில் துப்பாக்கி இருந்தது என்ற செய்தி தலைப்பு எண்ணிலிருந்து உதிர்ந்துவிடும்.

இதற்கு நேர்மாறான குழப்பமும் உண்டு. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் துப்பாக்கிகளை மட்டும் பற்றியதன்று. அதன்கீழ் இயற்றப்பட்ட விதிகள் வாள், குத்துவாள், ஈட்டி முதலானவற்றையும், வீட்டுக்கும் வேளாண்மைக்கும் தொழிலுக்கும் என வடிவமைக்கப்படாத, ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ கொண்ட கத்திகளையும் ஆயுதங்கள் என்றே வகைப்படுத்துகின்றன. எனவே ஒரு மாவட்டத்தில் ஆயுதச் சட்ட வழக்குகள் பெருகின என்ற செய்தியைக் கேட்டவுடன் அங்கே துப்பாக்கிகள் பெருகின என்று முடிவு கட்டுவது தவறு. பட்டாக்கத்தியுடன் திரிந்த இளைஞர்கள் மீது ஒரு காவல் ஆணையர் கடுமை காட்டினாலும் அந்த எண் உயரும்.

கைப்பற்றப்பட்ட ஆயுதங்களின் எண்ணிக்கையும் இதேபோல் எச்சரிக்கையுடன் படிக்க வேண்டியது. அது காவல்துறை எத்தனை முறை தேடியது, எங்கே தேடியது என்பதை அளக்கிறது. தேடுதல் தீவிரமானால் எண் ஏறும். தேடாத ஊர் அமைதியான ஊராகத் தோன்றும். ஆட்சி எல்லைகளின் மாற்றமும் ஒப்பீட்டைக் கெடுக்கிறது. சென்னைப் புறநகருக்கு 2008இல் தனிக் காவல் ஆணையரகம் அமைக்கப்பட்டு, 2011இல் அது மாநகரக் காவலுடன் இணைக்கப்பட்டு, 2022 ஜனவரியில் தாம்பரம், ஆவடி ஆணையரகங்கள் மீண்டும் பிரிக்கப்பட்டன. பதினைந்து ஆண்டுகளுக்குள் மூன்று முறை வரைபடம் மாறிய பகுதியில் குற்றம் கூடியதா குறைந்ததா என்று கேட்பவர், முதலில் எந்த எல்லைக்குள் என்று கேட்டாக வேண்டும்.

உரிமமும் மதிப்பீடும்

உரிமம் பெற்ற துப்பாக்கிகளின் நிலை ஓரளவு தெளிவானது. மாவட்டங்களில் ஆட்சியரும் ஆணையரகங்களில் காவல் ஆணையரும் உரிமம் வழங்குகிறார்கள். ஒவ்வோர் உரிமத்துக்கும் தனி அடையாள எண் கொடுத்துத் தேசியத் தரவுத்தளம் ஒன்றில் ஏற்றும் முறை நடைமுறையில் இருக்கிறது. ஒன்றிய உள்துறை அமைச்சகத்தின் கணக்குப்படி 2016 டிசம்பர் 31 அன்று நாடு முழுவதும் 33,69,444 உரிமங்கள் நடப்பில் இருந்தன. உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 12,77,914, தமிழ்நாட்டில் 22,532. 2011 மக்கள்தொகையைக் கொண்டு வகுத்துப் பார்த்தால் உத்தரப் பிரதேசத்தில் லட்சம் பேருக்குச் சுமார் 640 உரிமங்களும் தமிழ்நாட்டில் சுமார் 31 உரிமங்களும் வருகின்றன. ஏறத்தாழ இருபது மடங்கு வேறுபாடு. இந்தப் பதிவேடும் களங்கமற்றதன்று. 2012 முதல் 2016 வரை ஜம்மு காஷ்மீரில் 2.78 லட்சத்துக்கும் மேற்பட்ட உரிமங்கள் முறைகேடாக வழங்கப்பட்டதாக மத்தியப் புலனாய்வுத் துறை விசாரித்து வந்திருக்கிறது.

உரிமம் இல்லாதவற்றுக்கு வந்தால் எண்ணிக்கை முடிந்து மதிப்பீடு தொடங்குகிறது. ஜெனீவாவைச் சேர்ந்த ‘ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே’ என்னும் ஆய்வு நிறுவனம் 2018இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி உலகில் பொதுமக்கள் கையில் சுமார் 85.7 கோடித் துப்பாக்கிகள் உள்ளன. அவற்றுள் 39.3 கோடி அமெரிக்காவில். அடுத்த இடத்தில் 7.11 கோடியுடன் இந்தியா. இந்த 7.11 கோடியில் பதிவு பெற்றவை 97 லட்சம் மட்டுமே, மீதி 6.14 கோடி பதிவில் இல்லாதவை. இந்தியாவில் நூறு பேருக்கு 5.3 துப்பாக்கிகள் என்ற விகிதம் இங்கிருந்துதான் பிறக்கிறது. அமெரிக்காவில் அது 120.5.

இந்த எண்களை அப்படியே ஒப்புவிப்பதற்கு முன் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன் ஒருவர் அதிகபட்சமாக மூன்று துப்பாக்கிகள் வைத்திருக்கலாம். 33.69 லட்சம் உரிமதாரர்களும் ஆளுக்கு மூன்று வைத்திருந்தால் கிடைப்பது 1.01 கோடி. அதாவது, ஏறக்குறைய எல்லா உரிமதாரர்களும் உச்சவரம்பைத் தொட்டிருந்தால்தான் 97 லட்சம் என்ற எண் அமைச்சகத்தின் எண்ணோடு பொருந்தும். எண்ணக்கூடிய பகுதியிலேயே இத்தகைய இடைவெளி இருக்கும்போது, எண்ண முடியாத 6.14 கோடியைத் துல்லியமான அளவாகக் கொள்ள இயலாது. அந்த மதிப்பீடு, கணக்குத் தெரிந்த நாடுகளையும் வல்லுநர் கணிப்பையும் துணைகொண்டு போடப்பட்ட ஒரு தோராயம். பிரச்சினையின் பருமனைக் காட்டுவது. ஆண்டுக்கு ஆண்டு ஏற்ற இறக்கத்தைச் சொல்லும் ஆற்றல் அதற்குக் கிடையாது.

நான்கு ஊற்றுகள்

கள்ளத்துப்பாக்கி வானத்திலிருந்து விழுவதில்லை. அதற்குக் குறிப்பிட்ட ஊற்றுக்கண்கள் உண்டு. முதலாவது, மரபுக் கைவினை மையங்கள். பீகாரின் முங்கேர் இவற்றுள் பெயர்பெற்றது. பதினெட்டாம் நூற்றாண்டில் வங்க நவாப் மீர் காசிம் தன் தலைநகரை முங்கேருக்கு மாற்றி அங்கே ஆயுதச் சாலை அமைத்தது முதல் துப்பாக்கித் தொழில் அந்த ஊரில் வேரூன்றியது. உரிமம் பெற்ற தொழிற்கூடங்களில் வேலை சுருங்கியபோது, கை பழகிய தொழிலாளர்களின் திறமை கள்ளச் சந்தைக்குப் பாய்ந்தது. ஒற்றைத் தோட்டா சுடும் முரட்டுக் ‘கட்டா’ முதல், தொழிற்சாலைத் தயாரிப்பைப் பார்த்து வார்த்த கைத்துப்பாக்கி வரை அங்கே உருவாகின்றன. மத்தியப் பிரதேசத்தின் கர்கோன், பர்வானி, தார் பகுதிகளும் இதே வகையைச் சேர்ந்தவை.

இரண்டாவது ஊற்று, அரசின் சொந்தக் கிடங்கு. 2018இல் முங்கேர் பகுதியில் அடுத்தடுத்துக் கைப்பற்றப்பட்ட ஏகே-47 துப்பாக்கிகள், ஜபல்பூரில் உள்ள ராணுவ ஆயுதக் கிடங்கிலிருந்து கடத்தப்பட்டவை என்று விசாரணையில் தெரியவந்தது; அவற்றுள் சில ஒரு கிணற்றிலிருந்து எடுக்கப்பட்டன. கள்ளத்துப்பாக்கி என்றாலே குடிசைத் தொழில் என்ற எண்ணத்தை இந்த வழக்கு திருத்துகிறது.

மூன்றாவது, தமிழ்நாட்டின் மலைக்காட்டு நாட்டுத்துப்பாக்கி. சவ்வாது மலை, கல்வராயன் மலை, கிருஷ்ணகிரி, தருமபுரிக் காட்டோரங்களில், குழலின் வாய்வழியே வெடிமருந்தையும் ரவையையும் இட்டுக் கெட்டித்துச் சுடும் ஒற்றைக்குழல் துப்பாக்கிகள் நெடுங்காலமாக இருந்து வருகின்றன. காட்டுப்பன்றியை விரட்டவும் வேட்டைக்கும் பயன்படும் இவற்றைக் குறிப்பிட்ட நாளுக்குள் ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்று மாவட்டக் காவல்துறை அவ்வப்போது கெடு விதிக்கிறது. ஆள் அடையாளம் தெரியாமல் ஊர் எல்லையில் துப்பாக்கியைப் போட்டுவிட்டுப் போகிறவர்களும் உண்டு. வங்கியைக் கொள்ளையடிக்க வந்த கைத்துப்பாக்கியும் பன்றி விரட்டும் இந்தக் கெட்டித்துப்பாக்கியும் ஒரே சட்டப்பிரிவின் கீழ், ஒரே கட்டத்தில் எண்ணப்படுவது புள்ளிவிவரத்தின் இன்னொரு குறை. மாநிலத்தில் பிடிபட்ட துப்பாக்கிகள் இத்தனை என்ற மொத்த எண், இவற்றுள் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாதவரை, தென்புறநகர்வாசிக்கு அவருடைய தெருவின் ஆபத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

நான்காவது ஊற்று புதியது. 2022 மே மாதம் சேலம் மாவட்டம் ஓமலூர் அருகே வாகனச் சோதனையில் சிக்கிய இரண்டு இளைஞர்கள், வாடகை வீடு ஒன்றில் யூடியூப் காணொளிகளைப் பார்த்துத் துப்பாக்கி செய்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டனர். வழக்கைத் தேசியப் புலனாய்வு முகமை எடுத்துக்கொண்டது. தொழில் தெரிந்த கையும் பரம்பரையும் தேவைப்பட்ட ஒரு பொருள், கடைசல் இயந்திரமும் இணைய இணைப்பும் இருந்தால் போதும் என்ற நிலையை நெருங்குவதை இது காட்டுகிறது.

இவற்றுக்கு அப்பால், எல்லை கடந்து துப்பாக்கி வந்த காலங்களும் தமிழ்நாட்டுக்கு உண்டு. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் சந்திப்பில் ஆட்சியர் ஆஷைச் சுட வாஞ்சிநாதன் பயன்படுத்தியது பெல்ஜியத்தில் செய்யப்பட்ட பிரௌனிங் கைத்துப்பாக்கி. இந்தியர்களின் ஆயுத உரிமையைக் கடுமையாக ஒடுக்கிய 1878ஆம் ஆண்டுச் சட்டம் நடப்பில் இருந்த அந்நாளில், பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரி அந்தச் சட்டத்தின் கை எட்டாத இடமாக விளங்கியது. 1980களிலும் 1990இலும் ஈழப் போராட்ட இயக்கங்கள் சென்னையில் தங்கியிருந்தபோது 1982 மே மாதம் பாண்டி பஜாரிலும், 1986 நவம்பரில் சூளைமேட்டிலும், 1990 ஜூன் 19 அன்று கோடம்பாக்கத்தில் ஈழ இயக்கத் தலைவர் பத்மநாபாவும் தோழர்களும் கொல்லப்பட்டபோதும் துப்பாக்கி நகரத் தெருக்களில் ஒலித்தது. அந்த அலை போரின் பக்க விளைவாக எழுந்து, இயக்கங்கள் வெளியேற்றப்பட்டதும் வடிந்தது. உள்ளூர்க் குற்ற உலகில் துப்பாக்கிப் பழக்கம் ஒன்றை அது விட்டுச்செல்லவில்லை.

அரிவாளின் மாநிலம்

ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகம் 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2017இல் உலகில் கொல்லப்பட்ட சுமார் 4,64,000 பேரில் 54 விழுக்காட்டினர் துப்பாக்கியாலும் 22 விழுக்காட்டினர் கூரிய ஆயுதங்களாலும் இறந்தனர். தமிழ்நாட்டில் இந்த வரிசை தலைகீழ். 2022இல் மாநிலத்தில் பதிவான கொலை வழக்குகள் 1,690. லட்சம் பேருக்கு 2.2 என்ற இந்த விகிதம் தேசியச் சராசரியான 2.1ஐவிடச் சற்றே கூடுதல். மக்கள்தொகை விகிதத்தில் துப்பாக்கி உரிமங்கள் உத்தரப் பிரதேசத்தின் இருபதில் ஒரு பங்காக இருக்கும் மாநிலம், கொலை விகிதத்தில் தேசியச் சராசரிக்குக் கீழே இறங்கவில்லை. துப்பாக்கி இல்லாமை வன்முறை இல்லாமை ஆகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

தென்புறநகரிலும் சென்னையிலும் அண்மையில் நடந்த நிகழ்வுகளும் இதையே சொல்கின்றன. 2022 ஜனவரியில் செங்கல்பட்டில் இருவர் கொல்லப்பட்டது நாட்டு வெடிகுண்டாலும் அரிவாளாலும். 2023 ஆகஸ்டில் கூடுவாஞ்சேரி அருகே இரண்டு ரவுடிகள் சுடப்பட்டபோது, அவர்கள் அரிவாளால் வெட்ட வந்ததாகவே காவல்துறை கூறியது. துப்பாக்கி காவலரின் கையில் இருந்தது. 2024 ஜூலை 5 அன்று பெரம்பூரில் பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் வெட்டிக் கொல்லப்பட்டபோது, தேர்தலுக்காக ஒப்படைத்த தன் உரிமத் துப்பாக்கியை அவர் திரும்பப் பெற்றிருந்தார். அந்த உரிமம் அவரைக் காக்கவில்லை. கொன்றவர்களுக்குத் துப்பாக்கி தேவைப்படவும் இல்லை.

ஆயினும் விதிவிலக்குகள் தொடர்ந்து நிகழ்கின்றன. 2020 ஜனவரி 8 அன்று களியக்காவிளைச் சோதனைச்சாவடியில் சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தத் துப்பாக்கி பின்னர் எர்ணாகுளம் பேருந்து நிலையம் அருகே கழிவுநீர்க் கால்வாயில் கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில் சௌகார்பேட்டையில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதில் தேடப்பட்டவர்கள் மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர் அருகே பிடிபட்டனர். கீழ்க்கட்டளையையும் சேர்த்துப் பார்த்தால், தமிழ்நாட்டு நகரங்களில் துப்பாக்கி பெரும்பாலும் மாநில எல்லை தாண்டிய ஒரு பயணத்தின் முடிவில் வெடிக்கிறது என்ற பொதுத்தன்மை தெரிகிறது.

தோட்டா சொல்லும் சாட்சி

அந்தப் பயணத்தைப் பின்னோக்கிச் சென்று கண்டறிவதே தடம்பிடித்தல். தொழிற்சாலைத் துப்பாக்கியின் குழலுக்குள் திருகு வரிப்பள்ளங்கள் இருக்கும். அவை தோட்டாவின் மேல் தனித்த கீறல்களை விடும். பட்டறையில் செய்த கட்டாவின் வழவழப்பான குழலில் அந்த வரிகள் இல்லை. எனினும் தோட்டா உறையின் அடியில் குத்தும் ஊசி பதிக்கும் வடு, அந்தந்தத் துப்பாக்கிக்கே உரியதாக இருக்கக்கூடும். ஒரே பட்டறையின் பற்றவைப்பும் திருகும் முத்திரையும் அதன் மூலத்தைக் காட்டிக்கொடுக்கும். தடயத்தின் வலிமைக்கு 2017 டிசம்பர் நிகழ்வு ஒன்று போதும். கொளத்தூர் நகைக்கடைக் கொள்ளையரைத் தேடி ராஜஸ்தானின் பாலி மாவட்டத்துக்குச் சென்ற ஆய்வாளர் பெரியபாண்டியன் குற்றவாளிகளால் சுடப்பட்டார் என்றே முதலில் நம்பப்பட்டது. அவர் உடலில் பாய்ந்த தோட்டா உடன் சென்ற அதிகாரியின் துப்பாக்கியிலிருந்து வந்தது என்று ராஜஸ்தான் காவல்துறையின் விசாரணை பின்னர் தெரிவித்தது.

சட்டத்தின் போக்கு இதுவரை தண்டனையைக் கூட்டும் திசையிலேயே இருந்திருக்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் ஒருவர் வைத்திருக்கத்தக்க துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. கள்ளத் தயாரிப்புக்கும் விற்பனைக்கும் குறைந்தது ஏழாண்டு முதல் ஆயுள் வரை சிறை விதித்தது. ஆயுதக் கடத்தலைத் தனிக் குற்றமாக வரையறுத்தது. உச்ச நீதிமன்றம் 2023இல் உத்தரப் பிரதேச ஜாமீன் வழக்கு ஒன்றை விசாரிக்கையில் உரிமமற்ற துப்பாக்கிகளின் பெருக்கத்தைத் தானாக முன்வந்து கையிலெடுத்து, 2024 நவம்பரில் ஒவ்வொரு மாநிலத்திலும் தலைமைச் செயலர் தலைமையில், துப்பாக்கியியல் வல்லுநர் ஒருவரும் இடம்பெறும் குழுவை அமைக்க உத்தரவிட்டது. காவல்துறைச் சுடுதலில் ஆயுதங்களைத் தடய ஆய்வுக்கு ஒப்படைக்க வேண்டும் என்று 2014 செப்டம்பரிலேயே அதே நீதிமன்றம் நெறிமுறை வகுத்திருந்தது.

தமிழ்நாட்டின் குழு செய்யத்தக்க பணி பெரிய செலவு பிடிப்பதன்று. துப்பாக்கிகள் குறைவான மாநிலம் என்பதாலேயே இங்கே பிடிபடும் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனித் தாள் ஒன்று எழுதுவது இயலும்: கெட்டித்துப்பாக்கியா கைத்துப்பாக்கியா, தொழிற்சாலையில் செய்ததா பட்டறையில் செய்ததா, எந்த ஊரில், யார் வழியாக, எந்தப் பாதையில் வந்தது என்ற விவரங்களோடு அது ஆண்டுதோறும் வெளியிடப்பட வேண்டும். லட்சக்கணக்கில் துப்பாக்கி புழங்கும் மாநிலங்களுக்கு எட்டாக்கனியான இந்த முழுக் கணக்கு தமிழ்நாட்டுக்குக் கைக்கெட்டியது. ஆளைப் பிடிப்பதோடு, ஆளைச் சுடுவதோடு கோப்பை மூடும் வழக்கம் தொடரும்வரை, துப்பாக்கி செய்த கையும் விற்ற கையும் அடுத்த வாடிக்கையாளருக்காகக் காத்திருக்கும். கீழ்க்கட்டளையில் கொள்ளை போன பணத்துக்கு ரூபாய்க் கணக்கு எழுதப்பட்டது. அதைக் கொள்ளையடிக்க வந்த துப்பாக்கிகளுக்கும் அப்படியொரு கணக்கு எழுதப்படுவதே இனி நடக்க வேண்டியது.